மலைநாட்டு வீதிக்கு எந்த ஸ்பேர்: மெல்லிய சில்லா, முழுச் சில்லா, பசைப் போத்தலா?

டயர் பஞ்சரானால் தற்காலிகமாகப் போட டிக்கிக்கு அடியில் கிடக்கும் மெல்லிய சில்லில் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடாதே என்று எழுதியிருக்கும். றம்பொடை வளைவுகளில் யார் அந்த வேகத்தில் போகிறார்கள்? இங்கே பார்க்க வேண்டியது வேறு: இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது அந்தச் சில்லு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா?

டயர் பக்கவாட்டில் T125/70D17 என்று இருந்தால், T தற்காலிகம், 125 மில்லிமீற்றர் அகலம், D குறுக்கு நூல் அடுக்கு. சாதாரண 195/65R15 டயரோடு ஒப்பிட்டால் அகலத்தில் 7 சென்ரிமீற்றரும், விட்டத்தில் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றரும் குறைவு. ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் குறைந்தால் நனைந்த தாரில் அந்தச் சில்லு முதலில் வழுக்கும்.

இறக்கத்தில் காரின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. பிரேக் வேலையில் பெரும்பங்கு முன்சில்லுகளுடையது. ஒரு பக்கம் முழு டயர், மறுபக்கம் மெல்லியது என்றால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். முன்சக்கர இழுவைக் காரில் கியரைக் குறைத்து இறங்கும்போது என்ஜின் கொடுக்கும் பிடியும் அதே சில்லுகளில்தான் விழுகிறது. விட்டம் சமமில்லாததால், இரு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நேர்ரோட்டிலும் ஓயாமல் சுழன்று சூடாகும். ஆகவே முன்டயர் பஞ்சரானால் மெல்லிய சில்லைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த நல்ல சில்லை முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டு தடவை ஜெக் அடிக்கும் வேலைதான். கம்பளை வரை இறங்க வேண்டுமென்றால் அந்த இருபது நிமிடம் வீணில்லை. பின்னால் இருந்தாலும் ஈரமான வளைவில் வால் வீசக்கூடும், வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். நான்கு சக்கர இழுவை வாகனமென்றால் இந்த விதியை அப்படியே எடுக்காதீர்கள், கையேட்டைப் பாருங்கள்.

சரிவில் ஜெக் வைக்காதீர்கள். மட்டமான இடம் ஐம்பது மீற்றர் தள்ளி இருந்தால், அந்த டயர் நாசமானாலும் பரவாயில்லை, மெதுவாக உருட்டிக்கொண்டு போங்கள். முன்சில்லு தரையை விட்டு எழும்பியதும் ஓட்டோ காரில் 'P'யில் (பார்க்கிங்) போட்ட கியர் காரைப் பிடிக்காது; எழும்பிய சில்லு சுற்ற, தரையில் இருப்பதும் உருளும். அப்போது பிடிப்பது ஹேண்ட்பிரேக்கும், மற்றச் சில்லுக்குப் பள்ளப் பக்கம் அண்டை கொடுத்த கல்லும்தான். காரைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, இறக்கிய பின் எதிரெதிராக இறுக்குங்கள்.

மெல்லிய சில்லுக்கு 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும். மற்ற டயர்களைப் போல 32 அடித்துவிட்டுப் போகிற கடைக்காரர்கள் உண்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள். 'நுவரெலியாக் குளிருக்குக் காற்று இறங்கும்' என்பதும் பாதி உண்மைதான். கொழும்பை விட 15 பாகை குறைந்தால் சாதாரண டயரில் 2 பிஎஸ்ஐக்குச் சற்று மேல் இறங்கும். ஆனால் 1868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு, மானி ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். ஒன்றுக்கொன்று சரி. அதற்கு மேல் குறைந்திருந்தால் வால்விலோ ரிம் ஓரத்திலோ கசிவு இருக்கிறது.

ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் பசைப் போத்தலும் காற்றடிக்கும் சிறு கம்ப்ரசரும் மட்டும் வரும் கார்கள் இப்போது நிறைய. ஆணி மிதித்த சின்ன ஓட்டைக்கு, அதுவும் மிதிபரப்பில் என்றால், அது போதும். தோட்டத்து ரோட்டுக் கூர்க்கல் பக்கச்சுவரைக் கிழித்தாலோ குழியில் ரிம் நெளிந்தாலோ போத்தலால் ஒரு பயனும் இல்லை. நம் பக்கத்தில் அதிகம் நடப்பதும் அதுதான். காலாவதித் திகதியும் உண்டு. தலவாக்கலைக்கு மேலே தோட்டத்தில் குடியிருப்பவர் இதை மட்டும் நம்பி ஓடுவதை நாங்கள் ஒப்பமாட்டோம்.

முழுச் சில்லுதான் எல்லாவற்றிலும் மேல். பிரேக்கும் பிடியும் மாறாது. ஸ்பேர்க் குழியில் அடங்காமல் டிக்கித் தளம் உயரும், பாரமும் கூடும், அவ்வளவுதான். பழைய ரிம் வாங்கும்போது கவனம் வேண்டும். டொயோட்டா அக்வா, சுசுகி வேகன் ஆர், ஹொண்டா ஃபிட் மூன்றுக்கும் நான்கு நட்டு, அவை அமையும் வட்டம் 100 மில்லிமீற்றர். ஆனால் நடுத்துளை முதல் இரண்டுக்கும் 54.1 மில்லிமீற்றர், ஃபிட்டுக்கு 56.1. அக்வா ரிம் ஃபிட்டில் ஏறாது. ஃபிட் ரிம் அக்வாவில் ஏறும், 2 மில்லிமீற்றர் ஆட்டத்தோடு. சிறிய ரிம் என்றால் முன் பிரேக் கலிப்பரில் உரசுகிறதா என்று வாங்கும் இடத்திலேயே மாட்டிச் சுற்றிப் பாருங்கள்.

ரன்-ஃபிளாட் டயர் காற்றில்லாமலே 80 கிலோமீற்றர் வரை ஓடும். ஆனால் கிழிந்தால் மாற்று டயர் பதுளையிலோ ஹட்டனிலோ உடனே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

முழுச் சில்லுக்கு இடமில்லாதவர் மெல்லிய சில்லோடு ஒரு கம்ப்ரசரும், டியூப்லெஸ் டயருக்குச் செருகும் ரப்பர் திரியும் வைத்துக்கொள்ளட்டும். மெல்லிய டயரில் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களில் ஒரு நாளும் ரோட்டைத் தொடாமலே பத்து வயது தாண்டியவை கிடக்கும். டயரின் பூ மிச்சம் இருக்கிறதே என்று பார்க்காமல் அதை மாற்றிவிடுங்கள்.