தூங்கும் லைசென்ஸை நகர்த்துவதா, புதிதாக அச்சடிப்பதா?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பாரோ உணவகமோ மது பரிமாற லைசென்ஸ் வேண்டும்; 3,000 பேருக்கு ஒன்றுதான். அதனால் சில ஊர்களில் அதன் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டும். இன்னொரு பக்கம், கடையே இல்லாமல் பெட்டியில் தூங்கும் ‘பாக்கெட் லைசென்ஸ்’கள் ஏராளம். உச்சவரம்பையே படிப்படியாகத் தளர்த்தலாம் என்றார் அப்போதைய ஆளுநர் ஃபில் மர்ஃபி. பெருந்தொகை கொடுத்து வாங்கிய கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கடைசியில் 2024 ஜனவரியில் ஒரு சமரசச் சட்டம் வந்தது. பயன்படாத லைசென்ஸை, மறுவளர்ச்சித் திட்டம் (பழைய பகுதிகளைப் புதுப்பிக்கும் திட்டம்) உள்ள பக்கத்து ஊருக்கு மாற்றலாம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரம் வேறு வழியில் போனது. 2024 செப்டம்பரில் அந்த மாநில ஆளுநர் மோரா ஹீலி கையெழுத்திட்ட சட்டம் 225 புதிய லைசென்ஸ்களைத் தந்தது. அவற்றில் 195, ராக்ஸ்பரி, மாட்டபான் போன்ற பகுதிகள் அடங்கிய 13 அஞ்சல் குறியீடுகளுக்கு, மூன்று ஆண்டுகளில் பிரித்துக் கொடுக்கப்படும். அவற்றை விற்க முடியாது. கடை மூடினால் நகரத்துக்கே திரும்பிவிடும்.

எனக்குப் பாஸ்டன் வழிதான் பிடித்திருக்கிறது. அங்கே சந்தையில் லைசென்ஸ் ஆறு லட்சம் டாலர் வரை போயிருக்கிறது; சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைக்க நினைப்பவர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? நியூ ஜெர்சியில் லைசென்ஸ் ஊர் மாறினாலும் விலைப் போட்டி போவதில்லை. ஆனால் ஒன்று: இந்தப் புது லைசென்ஸைப் பெற்ற பாஸ்டன்காரருக்குத் தொழிலை விட்டுப் போகும்போது விற்க லைசென்ஸ் கையில் இருக்காது. நியூ ஜெர்சிக்காரருக்கு அதுதான் ஓய்வுக்காலச் சேமிப்பு.