தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று விற்ற பட்டன் போன்: 3,900 ரூபாய் போனது

வயல் வேலைக்கு, மீன்பிடிக்கு, மலை ஏறுவதற்கு என்று அடி தாங்கும் பட்டன் போன் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எங்கள் வீட்டில் 3,900 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறோம். இன்று காலைதான் அந்தக் கடையிலிருந்து மறுபடியும் வெறுங்கையோடு திரும்பினேன். கை இன்னும் நடுங்குகிறது. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே வரிசையாக இருக்குமே, கண்ணாடி அலமாரி நிறையப் பளபளவென்று பெட்டிகளை அடுக்கிவைத்த செல்போன் கடைகள், அவற்றில் ஒன்று.

போன் அப்பாவுக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. குறுவைக்குப் பம்புசெட் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறோம். மோட்டார் கொட்டகையில் சிம் போட்ட ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறோம். போனில் கூப்பிட்டு எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் அப்பா கட்டிலில் இருந்தபடியே மோட்டாரைப் போட்டுவிடலாம். ஆகவே போன் என்பது அவருக்கு மண்வெட்டி மாதிரி ஒரு கருவி. தொடுதிரை போன் அவருக்கு ஒத்துவராது. சேற்றுக் கையை வைத்தால் திரை கேட்காது, உச்சி வெயிலில் எழுத்தும் தெரியாது. பழைய பட்டன் போன் வாய்க்காலில் விழுந்து போனதும், இந்தத் தடவை உறுதியானதாக ஒன்று வாங்கித் தரவேண்டும் என்று அவரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் எங்களை நம்பவைத்த விதத்தை விவரமாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இதையேதான் எல்லாரிடமும் செய்கிறார்.

அப்பாவை உட்காரவைத்து, "ஐயா, வயல் வேலைக்கு என்றால் உங்களுக்கு வேறு செட்டே காட்டமாட்டேன்" என்று ஒரு பெட்டியை எடுத்தார். கறுப்பும் ஆரஞ்சும் கலந்த தடித்த ரப்பர் உறை, நான்கு மூலையிலும் திருகாணி, தலையில் பெரிய டார்ச். பெட்டியின் மேல் ஐபி 68 (தண்ணீர், தூசி தாங்கும் தரம்), ராணுவத் தரம், 10,000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. போனைத் தரையில் போட்டார். எடுத்து மறுபடியும் போட்டார். பிறகு ஒரு சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்து, சிம் போட்ட அந்தப் போனை அதற்குள் இறக்கிவிட்டு என்னைக் கூப்பிடச் சொன்னார். தண்ணீருக்குள் விளக்கு எரிந்தது, டம்ளர் அதிர மணி அடித்தது. அப்பா முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்தேன். "சேறு பட்டால் தொட்டியில் முக்கி அலசிக்கொள்ளுங்கள் ஐயா, ஒன்றும் ஆகாது" என்றார் கடைக்காரர். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை 3,900 ரூபாய். பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் கூடும் தம்பி, எதற்கு வீண் செலவு, வாரண்டி கார்டில் சீல் போட்டுத் தருகிறேன்" என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் சேர்ந்ததுதான். அதற்குமேல் வரி என்று ஒரு பைசா கேட்க யாருக்கும் உரிமை இல்லை. பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. இதைத் தெரிந்துகொண்டே செய்கிறார்கள். நாளைக்கு நாம் எங்கேயும் போய்க் கேட்க முடியாதபடி முன்கூட்டியே கதவை அடைத்துவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே முதல் பொய் வெளிப்பட்டது. அப்பாவிடம் இரண்டு சிம்: ஒன்று பிஎஸ்என்எல், மற்றது ஜியோ. பிஎஸ்என்எல் வேலை செய்தது, ஜியோ சிம்மில் சிக்னலே வரவில்லை. கடைக்குப் போன் செய்தால், "உங்கள் ஊரில் டவர் பிரச்சினை" என்றார்கள். அதே வீட்டில் அதே இடத்தில் என் போனில் ஜியோ முழுதாக எடுக்கிறது! விஷயம் இதுதான்: ஜியோ 2016இல் தொடங்கியபோதே 4ஜி மட்டும்தான், அதற்கு 2ஜி கிடையாது. இந்தப் போன் வெறும் 2ஜி. "எந்தச் சிம்மும் எடுக்கும்" என்று சொல்லித்தான் 3,900 ரூபாய் வாங்கினார்கள்.

சரி, ஸ்டார்ட்டருக்குக் கூப்பிட பிஎஸ்என்எல் போதும் என்று அப்பா என்னைச் சமாதானப்படுத்தினார். பேட்டரியும் சொன்னபடி நிற்கவில்லை. இரவில் டார்ச் போட்டால் மறுநாளே சார்ஜ் கேட்டது. 10,000 எம்ஏஎச் என்றால் வாரக்கணக்கில் நிற்கவேண்டும். "புது பேட்டரி, நாலைந்து தடவை சார்ஜ் ஏறினால்தான் பழகும்" என்றது கடை.

பிறகு அந்த இரவு. பகலெல்லாம் போன் கொட்டகைத் திண்ணையில் வெயிலில் கிடந்திருக்கிறது. சாயங்காலம் அதில் சேறு அப்பியிருந்ததால், கடைக்காரர் சொன்னபடியே அப்பா தொட்டித் தண்ணீரில் முக்கி அலசியிருக்கிறார். ராத்திரி மோட்டாரைப் போட்டுவிட்டு மடை பார்க்கப் போனவரைக் காணோம். கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறார். எங்கள் வரப்பில் கண்ணாடிவிரியன் நடமாட்டம் உண்டு, ஊரில் எல்லாருக்கும் தெரியும். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாதி வரப்பில் போனின் விளக்கு அணைந்துவிட்டதால் நடக்கவும் முடியாமல், மோட்டாரை நிறுத்தவும் முடியாமல் அப்பா இருட்டில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் நிறைந்து பக்கத்து வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்தப் பதிவை நான் வேறு இடத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

காலையில் கடைக்குப் போனேன். பையன் மட்டும் இருந்தான், "முதலாளி வெளியூர் போயிருக்கிறார்" என்றான். அடுத்த முறை போனபோது, "சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள், கார்டில் எண் இருக்கிறது" என்றார்கள். அந்த எண் உபயோகத்திலேயே இல்லை. மறுபடி போனேன். கடைக்காரர் இருந்தார். டம்ளரில் தண்ணீர் பிடித்துக் காட்டிய அதே மனிதர், அப்பாவை ஐயா என்று அழைத்த அதே மனிதர், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்மூடியைக் கழற்றி, பேட்டரிக்கு அடியில் இருந்த சின்னப் பொட்டைக் காட்டினார். வெள்ளையாக இருக்கவேண்டிய அது ஈரம் பட்டுச் சிவப்பாகியிருந்தது. "தண்ணீர் போயிருக்கிறது. வாரண்டி வராது."

"தண்ணீரில் போடலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"தண்ணீரில் போடலாம். உள்ளே தண்ணீர் போகக்கூடாது."

இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. வரிசையில் நின்ற அடுத்த ஆளிடம் என்ன வேண்டும் என்று கேட்கத் தொடங்கிவிட்டார். தண்ணீர் புகாது என்பதற்காகவே கூடுதல் விலை வாங்கிக்கொண்டு, தண்ணீர் புகுந்தால் பொறுப்பில்லை என்கிறார். 3,900 ரூபாய் எங்களுக்கு நாற்று நட வந்தவர்களின் கூலி.

போனைப் பழுது பார்க்கும் தம்பி ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் என் கண் முன்னே பிரித்தார். நீங்களும் பார்த்திருக்கவேண்டும். மூடியைச் சுற்றி இருக்கவேண்டிய ரப்பர் வளையம் நூல் மாதிரி மெலிந்து, ஒரு மூலையில் பள்ளத்தைவிட்டு வெளியே வந்து மடங்கிக் கிடந்தது. அந்த மடிப்பில் உலர்ந்த சேறு. சார்ஜர் துளையின் பித்தளைக் காலில் பச்சை பூத்திருந்தது. பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த 10,000 என்ற தாளை நகத்தால் உரித்தார். உள்ளே இன்னொரு தாள், அதில் 1,800. கனம் காட்டுவதற்காக அதன் பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டையை ஒட்டிவைத்திருந்தார்கள். திருகாணிகளில் இரண்டு வெறும் அலங்காரம், எதையும் பிடித்திருக்கவில்லை.

டம்ளரில் தாங்கிய போன் தொட்டியில் ஏன் போனது என்பதையும் அந்தத் தம்பிதான் விளக்கினார். புதுப் போன், துளை மூடி ஒருமுறைகூடத் திறக்கப்படாதது, ஒரு சாண்கூட ஆழமில்லாத தண்ணீர், அரை நிமிடம். அதில் எதுவும் தாங்கும். வெயிலில் காய்ந்த போனுக்குள் காற்று சூடாக விரிந்திருக்கும். அதைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கியவுடன் அந்தக் காற்று சுருங்கி, இருக்கிற இடுக்கு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வளையத்தில் ஒரு மணல் துகள் இருந்தால் போதும். நல்ல நிறுவனத்தின் போனிலேயே இதைக் கவனிக்கவேண்டும் என்றார். இதில் வளையமே இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். இருக்கிற மனநிலையில் முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஐபி 67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். 68 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்லவேண்டும். அந்த அளவு பெட்டியிலோ கையேட்டிலோ இல்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. சோதனை நல்ல தண்ணீரில்தான் நடக்கிறது. கடல் தண்ணீருக்கும் உப்பளத்துக்கும் அது பொருந்தாது, மீனவ நண்பர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ராணுவத் தரம் என்பது அமெரிக்க ராணுவத்தின் 810 என்ற சோதனை முறை. தயாரிப்பாளர் அதில் தனக்கு வேண்டிய சோதனைகளை மட்டும் தானே செய்துகொண்டு போட்டுக்கொள்ளலாம், எந்த ராணுவமும் பார்த்துச் சான்று தருவதில்லை.

பேட்டரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாதாரண பட்டன் போனில் வரும் 1,020 எம்ஏஎச் பேட்டரியே சுமார் 20 கிராம் இருக்கும். அதே வகைப் பேட்டரியில் 10,000 என்றால் கிட்டத்தட்ட பத்து மடங்கு கனமும் பருமனும் வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற இந்த மாதிரி பட்டன் போனில் அதை எதிர்பார்க்க முடியாது.

4ஜி, வோல்டே (4ஜியிலேயே பேசும் வசதி) இரண்டும் இருக்கிறதா என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள், உங்கள் சிம்மைக் கடையிலேயே போட்டுப் பேசிப் பாருங்கள். இரண்டு சிம் என்றால் இரண்டையும். வெள்ளியங்கிரி போல மலை ஏறப் போகிறவர்கள், அங்கே எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கும் என்று முன்பு போனவர்களிடம் கேட்டு அந்தச் சிம்மை வைத்துச் சோதியுங்கள்.

*#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் (போனின் அடையாள எண்) பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எங்களுடையதில் கடைசி இலக்கங்கள் வேறு. கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது எந்த போன் என்று பதில் வரும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் முத்திரையும் அதன் கீழே ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருக்கவேண்டும், பிஐஎஸ் கேர் செயலியில் அதைச் சரிபார்க்கலாம். இறக்குமதி செய்தவரின் முகவரி இல்லாத பெட்டியைத் தொடவே வேண்டாம்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். எவ்வளவு மலிவு என்றாலும் வாங்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டேன். துண்டுச்சீட்டு, சீல் வைத்த கார்டு, உரித்த பேட்டரியின் படம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டப்படி தவறுதான். எங்களுக்கு இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. இதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. 3,900 ரூபாய்க்காக யார் அலைவார்கள் என்ற தைரியத்தில்தான் அவர்கள் கடை நடக்கிறது. நான் அலைவேன்.

இன்று காலை நான் வெளியே வரும்போது, வேட்டியில் சேறு காயாத ஒரு பெரியவருக்கு அதே டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவரைத் தனியாக அழைத்து எங்கள் போனைப் பிரித்துக் காட்டினேன். அவர் வாங்காமல் போய்விட்டார். கடைக்காரர் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடட்டும்.