லேப்டாப் பேட்டரி: நூறில் வைப்பதா, எண்பதில் நிறுத்துவதா?

திருப்பூர் பின்னலாடை நிறுவனத்தின் கணக்காளர், சோமனூரில் தறிக்கூடத்துக் கணக்கைக் கணினிக்கு மாற்றிவிட்ட முதலாளி, கோவையில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் மென்பொருள் பொறியாளர் என யாரை எடுத்துக்கொண்டாலும் அவர்களின் லேப்டாப் நாளின் பெரும்பகுதி மேசையை விட்டு நகர்வதில்லை. ஆகவே பழுது பார்க்கும் கடைகளில் “ஏனுங்க, சார்ஜரப் போட்டே வெச்சிருக்கலாங்களா, அப்பப்பக் கழட்டோணுங்களா?” என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. கிடைக்கும் பதில்களோ மூன்று வகைப்படும்: போட்டபடியே இருக்கட்டும் என்பது ஒன்று, முழுக்க இறங்கவிட்டுப் பிறகு ஏற்றுங்கள் என்பது இரண்டு, 80 சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள் என்பது மூன்று. மூன்றும் ஒரே தரத்தவை அல்ல.

இரண்டாவதை முதலில் தள்ளிவிடலாம். முழுக்க இறக்கி ஏற்ற வேண்டும் என்ற அறிவுரை நிக்கல்-காட்மியம் பேட்டரிகளின் காலத்தைச் சேர்ந்தது. 1991-ல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்ததும், 2019-ல் குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கு வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்ததும், இன்றைய லேப்டாப்களில் இருப்பதுமான லித்தியம்-அயனி வகைக்கு அது பொருந்தாது. பூஜ்ஜியம் வரை இறக்குவது இவ்வகைக்குக் கேடே தவிர நன்மை இல்லை. சில மாதங்களுக்கு ஒரு முறை ஏறத்தாழ முழுக்க இறக்கி ஏற்றினால், திரையில் காட்டும் சதவீதக் கணக்கு சரியாகும் என்பது உண்மைதான். ஆனால் அது அளவுமானியைத் திருத்துவதே அன்றி, பேட்டரிக்கு வலுவூட்டுவது ஆகாது.

உண்மையான போட்டி நூறுக்கும் எண்பதுக்கும் இடையில்தான். சார்ஜரைப் போட்டே வைத்தால் பேட்டரி ‘ஓவர் சார்ஜ்’ ஆகி வீணாகிவிடும் என்று அஞ்சுவோர் இன்றும் இருக்கிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. நிறைந்தவுடன் கட்டுப்பாட்டுச் சுற்று மின்னேற்றத்தை நிறுத்திவிடும், அதன்பின் லேப்டாப் சார்ஜரின் மின்சாரத்திலேயே ஓடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும், நிறைந்தபின் 4.2 வோல்ட்டில், சில புதிய வகைகளில் 4.35 அல்லது 4.4 வோல்ட்டில் நிற்கிறது. அந்த உயர் மின்னழுத்தத்தில், உள்ளே மின்னைக் கடத்தும் திரவமான மின்பகுளி மெல்லச் சிதைந்து, கிராஃபைட் முனையின் மேலுள்ள படலம் தடித்து, பயன்படக்கூடிய லித்தியம் குறைந்துகொண்டே வருகிறது. நெய்யாத நாளிலும் தறியில் இழுத்து முறுக்கிய நிலையிலேயே விடப்பட்ட பாவு நூலைப் போல, வேலை எதுவும் செய்யாமலேயே அது நைந்துபோகிறது.

எவ்வளவு நைகிறது என்பதற்கு, ‘பேட்டரி யுனிவர்சிட்டி’ தளம் வெளியிட்டுள்ள, பலரும் எடுத்தாளும் ஓர் அட்டவணை உதவும். ஓராண்டு சும்மா வைக்கப்பட்ட லித்தியம்-அயனி பேட்டரியில் மீளக்கூடிய கொள்ளளவு, 25 டிகிரி வெப்பத்தில், 40 சதவீத சார்ஜில் வைத்திருந்தால் 96 சதவீதமாகவும், முழு சார்ஜில் வைத்திருந்தால் 80 சதவீதமாகவும் இருக்கும். 40 டிகிரியில் அதே எண்கள் முறையே 85, 65 என்று இறங்குகின்றன. இந்த நான்கு எண்களையும் குறுக்காகப் பார்த்தால்தான் சுவையான செய்தி தெரியும்: 40 டிகிரியில் பாதிக்கும் குறைவான சார்ஜில் கிடந்தது 85, 25 டிகிரிக் குளுமையில் முழு சார்ஜில் கிடந்தது 80. அதாவது, சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் கரூர்ப் பரமத்தியில் அரைகுறை சார்ஜில் இருக்கும் பேட்டரி, அவினாசி சாலையின் ஏசி அறையில் நூறிலேயே வைக்கப்பட்ட பேட்டரியைவிடக் குறைவாகத் தேய்கிறது. வெயில்தான் நம் ஊரில் பேட்டரியைக் கெடுக்கிறது என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும். 80 சதவீத வரம்பின் பலன் இவ்விரு முனைகளுக்கும் இடையில் எங்கோ நிற்கும் என்பதையும், இவை சும்மா வைத்த பேட்டரியின் எண்கள் என்பதையும் மறக்கலாகாது. ஆனாலும் மேசையை விட்டு நகராத லேப்டாப்பின் பேட்டரி பெரும்பாலும் சும்மா வைத்த பேட்டரிதானே.

ஆகவே, மேசையில் வேலை செய்பவருக்கு சார்ஜுக்கு வரம்பு வைப்பதே என் தேர்வு. ஆசஸ் கணினிகள் பலவற்றில் 60, 80, 100 என்று மூன்று நிலைகள் உண்டு. லெனோவோவில் ‘கன்சர்வேஷன் மோடு’ என்ற பெயரில், மாடலைப் பொறுத்து 60-ஐ ஒட்டியோ 80-ஐ ஒட்டியோ நிற்கும். டெல், எச்பி கணினிகள் பலவற்றில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பு) பகுதியிலேயே இதற்கு இடம் இருக்கிறது. இந்த வசதி இல்லாத பழைய கணினியில் கையால் கழற்றிக் கழற்றிப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாலையில் மறந்துவிடுவோம் என்பது ஒருபுறமிருக்க, ஒவ்வொரு இறக்கமும் ஏற்றமும் சுழற்சிக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். (50 சதவீதம் இருமுறை இறங்கினால் அது ஒரு சுழற்சி.) இக்கால மேக்புக் பேட்டரிகளுக்கு ஆப்பிள் சொல்லும் 1000 சுழற்சி பெரிய எண்தான் என்றாலும், வீணே செலவழிக்க அது காரணமாகாது.

வரம்புக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு, அது மின்தடை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தப்படும் மின்சாரம் மாலை 4 மணிக்கோ 5 மணிக்கோதான் திரும்பும். 50 வாட்-மணி பேட்டரியும், எளிய அலுவலக வேலைக்கு 10 வாட் செலவும் என்று கொண்டால், நூறில் தொடங்கியவருக்கு 5 மணி நேரமும் எண்பதில் தொடங்கியவருக்கு 4 மணி நேரமும் கிடைக்கும். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாளான 20-ஆம் தேதி இந்த ஒரு மணி நேரம் சிறிதல்ல. ஆனால் பராமரிப்பு நிறுத்தம் முன்னறிவிப்போடு வருவது; நாளிதழில் நம் துணை மின்நிலையத்தின் பெயரைக் கண்டால், முந்தைய இரவு வரம்பை நீக்கி நூறுக்கு ஏற்றிக்கொண்டால் போதும். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாள்களிலும் நூறில் வைத்திருப்பவர், இரண்டு மூன்று ஆண்டுகளில் கொள்ளளவு தேய்ந்து, நூறு காட்டினாலும் 4 மணி நேரத்துக்கு மேல் ஓடாத பேட்டரியோடு நிற்க நேரிடலாம்.

முன்னறிவிப்பில்லாத தடைக்கு, வீட்டு இன்வெர்ட்டரும் லேப்டாப் பேட்டரியும் போட்டி போடுவதில்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியின் பெயரளவுக் கொள்ளளவு 1800 வாட்-மணி. அதன்முன் லேப்டாப் பேட்டரி துரும்பு. இன்வெர்ட்டர் இல்லாதவர் முதலில் வாங்க வேண்டியது ரவுட்டருக்கான சிறிய 12 வோல்ட் யூபிஎஸ். லேப்டாப்பில் சார்ஜ் இருந்தும் இணைய இணைப்பு அறுந்தால் வேலை நின்றுவிடும்.

வெப்பத்துக்கு இரண்டாம் இடம்தான் தந்தேன் என்றாலும், சார்ஜ் வரம்போடு அதுவும் சேரும்போதுதான் முழுப் பலன் கிடைக்கும். ஆப்பிள் தன் லேப்டாப்களுக்கு 10 முதல் 35 டிகிரி வரையிலான சூழலைப் பரிந்துரைக்கிறது. ஈரோட்டில் சிமென்ட் ஷீட் கூரையின் கீழுள்ள அலுவலக அறை கோடையில் அந்த எல்லையை எளிதில் கடந்துவிடும். விசிறி வைத்த ‘கூலிங் பேட்’ வாங்குவதா, லேப்டாப்பின் உள்விசிறியைத் துடைப்பதா என்றால் துடைப்பதே மேல். தறிக்கூடத்துக்கும் பனியன் கம்பெனிக்கும் அருகில் பறக்கும் பஞ்சு காற்றுத்துளையை அடைத்திருக்கும்போது வெளியிலிருந்து எவ்வளவு காற்று வீசியும் பயனில்லை. கட்டில் மெத்தைமேல் வைப்பது, ‘ஸ்லீப்’ நிலையிலேயே பையில் போட்டு வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிடுவது ஆகிய இரண்டும் தவிர்க்கத்தக்கவை. பையில் போடுவதாக இருந்தால், திறந்திருந்த வேலையைச் சேமித்துவிட்டுக் கணினியை அணைத்துவிடும் ‘ஹைபர்னேட்’ நல்லது. புதிய விண்டோஸ் கணினிகள் ஸ்லீப்பில் இருக்கும்போதும் இணையத்தோடு பேசிக்கொண்டு சூடாகக்கூடும்.

பேட்டரி சேவர், திரை வெளிச்சக் குறைப்பு, திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை 120 ஹெர்ட்ஸிலிருந்து 60-க்கு இறக்குவது போன்றவை அன்றன்றைய நேரத்தைக் கூட்டுபவை. பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் பேருந்தில் போய்வரும் மாணவருக்கு எண்பது வரம்பைவிட இவையே பயன்தரும். அவர் நூறு வரை ஏற்றிக்கொள்ளலாம், ஏனெனில் கல்லூரியில் அது உடனே இறங்கத் தொடங்கிவிடும்.

ஏற்கெனவே தேய்ந்த பேட்டரிக்கு இவற்றில் எதுவும் மருந்தல்ல. விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையில் ‘டிசைன் கெபாசிட்டி’ (புதிதில் இருந்த கொள்ளளவு) 50,000 என்றும் ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ (இப்போது நிறையும் அளவு) 25,000 என்றும் இருந்தால், பாதி போய்விட்டது என்று பொருள். அந்நிலையில் நிறுவனத்தின் அசல் பேட்டரியா, காந்திபுரத்துக் கடையில் அதைவிட மலிவாகக் கிடைக்கும் மாற்றா என்ற கேள்வி வரும். அசலுக்கே என் வாக்கு, அதிலும் தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குவதற்கு. இரண்டு கோடைகளை முழு சார்ஜில் கிடங்கில் கழித்த ‘புதிய’ அசலும் மேற்சொன்ன அட்டவணைக்குக் கட்டுப்பட்டதுதான். டச்பேட் மேலே எழும்பியிருந்தால் மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது, சார்ஜரைக் கழற்றிவிட்டு அன்றே மாற்றிவிட வேண்டும்.