சைட்டோஸ்பாஞ்ச் பரிசோதனை: செல்லின் பிறப்பிடம் அறிந்தால் புரியும் கருவி

பல ஆண்டுகளாக நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை எடுத்துவரும் எனக்கு, இங்கிலாந்தில் என் குடும்ப மருத்துவர், உணவுக்குழாயின் செல்களில் மாற்றம் உண்டா என்று பார்க்கும் சைட்டோஸ்பாஞ்ச் பரிசோதனையைப் பரிந்துரைத்தார். நூலில் கட்டிய கேப்ஸ்யூல் ஒன்றைத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். இரைப்பையில் அதன் உறை கரைந்து, உள்ளே ஒடுங்கியிருக்கும் ஸ்பாஞ்ச் சுமார் 3 செ.மீ. அளவுக்கு விரிந்ததும், செவிலியர் நூலைப் பிடித்து மேலே இழுத்துவிடுகிறார்; வரும் வழியில் ஸ்பாஞ்ச் செல்களை உரசி எடுத்துவருகிறது. மயக்க மருந்து தேவையில்லை. ஸ்பாஞ்ச் வெளியே வரும்போது குமட்டியது. மாலைவரை தொண்டை கரகரத்தது.

ஆயினும் நான் இதை மெச்சுவது எளிமைக்காக மட்டும் அன்று. அமிலம் ஓயாது மேலேறும் உணவுக்குழாயின் அடிப்பகுதியில், தட்டையான செல்களின் அடுக்கு மறைந்து, குடலில் இருப்பவை போன்ற உயரமான செல்கள் குடியேறுவதையே பாரெட் உணவுக்குழாய் என்கிறார்கள். இது சிலருக்குப் புற்றுநோயாக மாறுகிறது. உணவுக்குழாயின் சொந்தச் செல்களே உருமாறுகின்றனவா, சளிச் சுரப்பிகளிலிருந்து வருகின்றனவா, இரைப்பையிலிருந்து ஏறுகின்றனவா என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. 2021-இல் சயின்ஸ் இதழில் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு, செல்களைத் தனித்தனியே ஆராய்ந்து, உணவுக்குழாய் வந்து சேரும் இரைப்பையின் மேல்வாயில் உள்ள செல்களே மூலம் என்று காட்டியது.

கருவியின் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. அந்த மேல்வாயை உரசிக்கொண்டே ஸ்பாஞ்ச் ஏறுவதால், நோயற்றவரிடமிருந்தும் அங்குள்ள உயரமான செல்கள் வந்து சேரும். தாய்ச் செல்லையும் மாறிய செல்லையும் பிரித்தறிய வேண்டும். ஆகவே ஆய்வகத்தில், பாரெட் திசு சுரக்கும் டிஎஃப்எஃப்3 என்ற புரதத்துக்குச் சாயமேற்றித் தேடுகிறார்கள். கலந்து வரும் இரைப்பைச் செல்களும் வீணல்ல. ஸ்பாஞ்ச் இரைப்பைவரை சென்றதற்கு அவையே சாட்சி.

2020-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், இப்பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் 140 பேருக்கும், வழக்கமான கவனிப்பு பெற்ற குழுவில் 13 பேருக்கும் ஓராண்டில் பாரெட் கண்டறியப்பட்டது. குறையும் உண்டு: செல்கள் ஒன்றாகக் கலந்துவிடுவதால், மாற்றம் எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்குப் படர்ந்துள்ளது என்று இது சொல்லாது; அதற்கு எண்டோஸ்கோபிதான் வேண்டும்.

எனக்கு வந்த முடிவுக் கடிதத்தில் டிஎஃப்எஃப்3 காணப்படவில்லை என்ற ஒரே வரி இருந்தது. இரைப்பைச் செல்கள் இல்லாத மாதிரியில் அந்த வரிக்குப் பொருளில்லை என்பதால், அவை இருந்தனவா என்று தொலைபேசியில் கேட்டேன். இருந்தன என்றார்கள்; அதன் பிறகே அக்கடிதத்தை நம்பினேன்.