நிரந்தர உரிமம் என்று நம்பி நான் ஏமாந்த கதை

வீட்டிலேயே சிறிய ஒலிப்பதிவுக் கூடம் வைத்து, அம்மன் பாடல்களும் கடை விளம்பரங்களும் செய்துகொடுப்பவன் நான். 2020இல் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பிளக்-இன் தொகுப்பை, அதாவது ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் இயங்கி இசைக்கருவி ஒலிகளையும் குரலுக்கு மெருகையும் தரும் துணை மென்பொருள்களை, 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். ‘நிரந்தர உரிமம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். புதுப்பிப்பு ஓராண்டுக்கு மட்டுமே என்பது சிறிய எழுத்தில் இருந்தது. அதைப் படிக்காமல் விட்டது என் தவறுதான்.

சென்ற ஆண்டு கணினியை மாற்றியபோது, புதிய இயங்குதளத்தில் என்னிடமிருந்த பதிப்பு ஏறவே இல்லை. எழுதிக் கேட்டதற்கு, உரிமம் இன்றும் செல்லும், ஆனால் அந்தப் பழைய பதிப்புக்கு மட்டுமே செல்லும் என்று பதில் வந்தது. சாவி உங்களிடமே இருக்கட்டும், பூட்டை மட்டும் மாற்றிவிட்டோம் என்பதுபோல் இருந்தது. புதுப்பிப்புக் கட்டணம் பழைய விலையில் பாதிக்கு மேல் வந்ததால், மாதம் 1,300 ரூபாய்ச் சந்தாவில் சேர்ந்து, எட்டு மாதம் கட்டி, ஆடி மாத வேலைகள் முடிந்ததும் நிறுத்திவிட்டேன்.

தீபாவளிக்கு முன் ஒரு துணிக்கடைக்காரர், பழைய விளம்பரத்தில் தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றித் தரும்படி கேட்டார். கோப்பைத் திறந்தால், சந்தா நின்றதால் பிளக்-இன்கள் இயங்காமல், வயலின் பகுதி முழுவதும் மௌனம். குரலோ மெருகெதுவும் இல்லாமல் வறண்டு ஒலித்தது. ஒரு மாதத்துக்குக் கட்டிவிடலாம் என்று போனால், அதற்குள் மாதத் திட்டத்தையே எடுத்துவிட்டு ஆண்டுத் திட்டத்தை மட்டும் வைத்திருந்தார்கள். ஓர் எண்ணை மாற்ற 11,000 ரூபாய் கட்டினேன். அந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த கூலியைச் சொல்லாமல் விடுகிறேன்.

சந்தா முறையே மோசடி என்று நான் சொல்லவில்லை. ஸ்ப்ளைஸ் என்ற இசைத் தளத்தில் சில மென்பொருள்களுக்கு மாதத் தவணை கட்டி, முழு விலையும் தீர்ந்ததும் அவற்றைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசையமைப்பு மென்பொருளை ஒருமுறை வாங்கியவருக்குப் பிந்தைய பதிப்புகளும் இலவசம். கட்டுவதை நிறுத்தியதும் முன்பு செய்த வேலையையே திறக்க முடியாமல் போவதுதான் அநியாயம். 2023 மார்ச்சில் பிளக்-இன் தயாரிக்கும் வேவ்ஸ் நிறுவனம் இனிச் சந்தா மட்டுமே என்று அறிவித்தபோது, பயனர்கள் கொதித்தெழுந்ததால் சில நாட்களிலேயே பின்வாங்கியது. அதற்காக, வாங்கியது என்றும் நம்முடையது என்று இருந்துவிடவும் முடியாது. 2024 ஆகஸ்டில் ஃபினாலே என்ற இசைக்குறிப்பு மென்பொருளை நிறுத்துவதாக அறிவித்தவர்கள், ஓராண்டுக்குப் பின் புதிய கணினியில் அதைச் செயல்படுத்த முடியாது என்று முதலில் சொல்லி, எதிர்ப்பு வந்த பிறகே அதை மாற்றிக்கொண்டார்கள்.

ஆகவே பணம் கட்டுமுன், சந்தா நின்றால் பழைய கோப்புகள் திறக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் குரல், வயலின் என ஒவ்வொரு டிராக்கையும், பிளக்-இன் தந்த மெருகோடு தனித்தனி வேவ் (WAV) ஒலிக்கோப்பாக எடுத்து வையுங்கள். அன்று நான் அப்படிச் செய்திருந்தால் குரலை மட்டும் மாற்றிப் பத்து நிமிடத்தில் அனுப்பியிருப்பேன். அட்டையில் கொடுத்த தானியங்கிப் பற்று அனுமதியை, அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு முன்பே வங்கித் தளத்தில் ரத்து செய்துவிட்டேன்.