ஸ்கோர் எழுத ஆள் எடுக்காத விளையாட்டு வகுப்பு

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்தே ஆடுகிற ஒரு மாலை நேர வகுப்பில் மகளைச் சேர்த்திருக்கிறோம். அவளுக்குப் பெருமூளை வாதம், வாக்கர் பிடித்துத்தான் நடப்பாள். பள்ளியில் பி.டி. பீரியட் என்றால் ஸ்கோர் எழுதுவது, இல்லாவிட்டால் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல். இங்கே அந்த உத்தியோகமே கிடையாது.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது போச்சியா. வெள்ளைப் பந்துக்கு யார் பந்து கிட்டே போய் நிற்கிறது என்பதுதான் ஆட்டம், உட்கார்ந்தே ஆடலாம், கையால் எறிய முடியாத பிள்ளை சாய்வுப் பலகையில் வைத்து உருட்டிவிடலாம். 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கும் ஆட்டம், சும்மா ஆறுதலுக்காகக் கண்டுபிடித்தது இல்லை. வேகமாக ஓடுகிற பையன்கள் இவளிடம் தோற்றுவிட்டு இன்னொரு ஆட்டம் கேட்கிறார்கள், அதுதான் எனக்கு வேண்டியது. கண்ணைக் கட்டிக்கொண்டு மணிச் சத்தத்தை வைத்துப் பந்தைத் தடுக்கும் கோல்பாலும் உண்டு. போட்டிப் பந்து 1.25 கிலோ கனம் என்பதால் சின்னவர்களுக்கு இலேசான மணிப்பந்து கொடுக்கிறார்கள்.

பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதி எலும்புகளின் இணைப்பு தளர்வாக இருக்கும், அதனால் டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் குட்டிக்கரணம் போட விடுவதில்லை.

இனி குறைகள். உதவிக்கு வரும் அக்கா மகளை ஒட்டியே நிற்கிறார், அவர் நடுவில் இருந்தால் எந்தப் பிள்ளை வந்து பேசும்? ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு விசில் சத்தம் ஆகாது, கொடி காட்டுங்கள் என்று அவன் அம்மா எத்தனையோ முறை சொல்லிவிட்டார், இரண்டு நாள் கொடி, மூன்றாம் நாள் பழையபடி விசில். “இவங்களோட ஆடினா எங்க பிள்ளைக்கு வேகம் குறையுது” என்று ஓர் அப்பா முணுமுணுத்தார். எனக்குக் கோபம்தான், ஆனால் ஆட்டம் மாறும்போதெல்லாம் வரிசையில் நின்றே நேரம் போவது உண்மை, அது எங்கள் பிள்ளைகளால் அல்ல, திட்டமிடாததால். ஊனமுள்ள பிள்ளைகளுக்கும் தினம் சராசரியாக 60 நிமிட உடல் இயக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. நிற்கிற நேரம் அதில் சேராது.

அப்புறம் அந்த ரிப்போர்ட். “நன்றாகப் பங்கேற்றாள்” என்று எல்லாருக்கும் ஒரே வரி. இவள் கைக்குப் பந்து எத்தனை முறை வந்தது, யாரோடு ஜோடி சேர்ந்தாள் என்று எழுதினால் போதும்.

அடுத்த பருவமும் தொடர்கிறோம். சேர்க்க நினைப்பவர்கள் ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள், விளம்பரப் படங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.