ஜெர்சி ஜயன்ட்டா, பிரம்மாவா: தரம் எந்த வயதில் தெரியும்?

இந்த இரண்டு பெரிய கோழி இனங்களையும் ஒப்பிடுகிறவர்கள் முதலில் எடுப்பது தராசைத்தான். ஒவ்வொரு கோழி இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அமெரிக்கத் தரநூல்படி, வளர்ந்த ஜெர்சி ஜயன்ட் சேவல் 13 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 5.9 கிலோ, பிரம்மாவில் லைட் என்ற நிற ரகத்தின் சேவல் 12 பவுண்டு. இந்த ஒரு பவுண்டை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நல்ல கோழி எது என்று எந்த வயதில் தெரிகிறது என்பதில்தான் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே.

பிரம்மா சீக்கிரமே பேசிவிடும். குஞ்சு பொரித்த அன்றே காலில் தூவல் இருக்கிறதா, நடுவிரலிலும் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கொஞ்சம் வளர்ந்ததும் பட்டாணிக் கொண்டை எனப்படும் தாழ்வான சின்னக் கொண்டையும், கண்ணுக்கு மேல் துருத்தி நிற்கும் புருவ எலும்பும் தெரியவரும். கணுவிலிருந்து பின்னால் விறைப்பாக நீளும் இறகு இருந்தால் அது குறை, இனவிருத்திக்கு வைக்காதீர்கள்.

ஜெர்சி ஜயன்ட் அப்படியில்லை. நியூ ஜெர்சியில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜாவா, லாங்ஷான், பிரம்மா இனங்களைக் கலந்து பிளாக் சகோதரர்கள் உருவாக்கியது, 1922இல் தரநூலில் ஏறியது. முதலில் எலும்பு வளரும், சதை ரொம்பப் பிறகுதான் வரும். அதனால் ஐந்து மாதத்தில் இளஞ்சேவல் காலும் கழுத்துமாக, ஒட்டிய மார்போடு நிற்கும். பலரும் அதைக் கழித்துவிட்டு, அந்த வயதிலேயே உருண்டையாக இருப்பதை வைத்துக்கொள்கிறார்கள். இப்படியே சில தலைமுறை போனால் மந்தையே சிறுத்துவிடும், இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. அந்த வயதில் பார்க்க வேண்டியது சதையை அல்ல: முதுகின் நீளம், முதுகின் அகலம் வால்வரை குறையாமல் போகிறதா, மார்பெலும்பின் நீளம், இரு கால்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி. கையால் தடவிப் பார்த்தால்தான் தெரியும், இறகு கண்ணை ஏமாற்றும். கறுப்பு ரகத்தில் இறகு பச்சையாக மின்ன வேண்டும், ஊதா அடித்தால் குறை. உள்ளங்கால் மஞ்சளாக இருக்க வேண்டும், லாங்ஷானுக்கு அது வெளிர் இளஞ்சிவப்பு.

வளர்ப்பைப் பொறுத்தவரை, சேறு இருக்கும் இடத்தில் பிரம்மாவின் கால் தூவல் பெரிய தொல்லை, ஈரம் பிடித்துக்கொள்ளும், கால் செதிலுக்கு அடியில் புகும் பூச்சி வந்தாலும் வெளியே தெரியாது. கடுங்குளிரில் கதை மாறும், பிரம்மாவின் சின்னக் கொண்டை உறைபனியைத் தாங்கும், ஜெர்சி ஜயன்ட்டின் நிமிர்ந்த ஒற்றைக் கொண்டைக்குத்தான் ஆபத்து. இரண்டுக்குமே உட்காரும் கட்டை தாழ்வாக இருக்கட்டும், இவ்வளவு எடையோடு உயரத்திலிருந்து குதித்தால் பாதத்தில் புண் வந்து சீழ் பிடிக்கும்.

சீக்கிரம் கறி வேண்டும் என்றால் இரண்டுமே சரிப்படாது. தரமான மந்தையை உருவாக்கத்தான் ஆசை, ஆனால் இடமும் தீவனமும் குறைவு என்றால் பிரம்மாவை எடுங்கள், சின்ன வயதிலேயே பாதியைக் கழித்துவிடலாம். ஒன்பது மாதம்வரை நிறைய இளஞ்சேவல்களுக்குத் தீவனம் போட முடியும் என்றால் மட்டும் ஜெர்சி ஜயன்ட், என்னுடைய ஓட்டு அதற்குத்தான்.